புதன்கிழமை அப்பா

நானூற்றுப் பதினெட்டு டாலர் அறுபது சென்ட். என் மாமன் மகன் மெசாகே எனக்குத் தர வேண்டியது இவ்வளவு. பிப்ரவரிப் புயலில் அவன் அம்மா வீட்டுக் கூரை பறந்துவிட்டது. தகரம் வாங்கி அனுப்பப் பணம் கேட்டான். ‘கெரேகெரே’ என்று சொல்லிக் கேட்டான். எங்கள் ஃபிஜி ஆட்களில் ஒருவன் அந்தச் சொல்லைப் போட்டுக் கேட்டுவிட்டால் கையில் இருப்பதைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததைப் பற்றி அப்புறம் வாய் திறக்கக் கூடாது.

நான் வாய் திறக்கவில்லை. நோட்டில் எழுதி வைத்தேன். இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். முப்பத்தொன்பது வயதில், கடல் தாண்டி வேலைக்கு வந்த இந்த ஜூனி ஊர் தேவாலயக் கூடத்தில் உட்கார்ந்து எழுத்துப் படித்தேன். யாரும் சொல்லித் தராமல் பேனா பிடித்து நானாக எழுதிய முதல் வரி அந்தக் கடன்தான்.

அதே வாரம் மெசாகே இன்னொன்றும் கேட்டான். “மச்சான், கெரேகெரே, உன் விளையாட்டு பாஸ்வேர்டைக் குடு. ஞாயித்துக்கிழமை தவிர நீ அதைத் தொடறதே இல்லையே.” அதையும் கொடுத்தேன். ஜூலையில் அவன் வேறு ஊரில் மாடு வெட்டும் ஆலைக்கு மாறிப் போனான். பாஸ்வேர்டும் அவனோடு போனது. நான் மறந்தே போனேன்.

அது கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு. நான் வேலை பார்க்கும் ஆடு வெட்டும் ஆலையில் தூக்கிப் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரை என் கட்டிலுக்கு அடியில் வைத்து, அதில் எங்களுக்கென்று ஓர் உலகத்தை ஓடவிட்டிருந்தேன். இதற்கு சர்வர் என்று பெயர். எப்படி வைப்பது என்று எழுதியிருந்த பக்கத்தை விரல் வைத்துப் படிக்க எனக்கு மூன்று ஞாயிறு பிடித்தது. அந்த உலகத்துக்குள் ஃபிஜியிலிருந்து என் மகள் லிதியானா வருவாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. நான் இங்கிருந்து என் மடிக்கணினி வழியாகப் போவேன். எனக்கு நான்கு மணி என்றால் அவளுக்கு ஆறு. ஊருக்குத் திரும்பியதும் கட்டப்போகிற வீட்டை இருவரும் அங்கே முன்கூட்டியே கட்டிக்கொண்டிருந்தோம். ஆற்றைப் பார்த்த ஜன்னல், அடுக்களைக்கு உள்ளேயே தண்ணீர்க் குழாய், இரண்டு அறை. கூரை பாதி நின்றது.

செப்டம்பர் முதல் ஞாயிறு அன்றுதான் எல்லாம் நடந்தது. முந்தின நாள் காற்றில் தெரு முழுக்க மின்சாரம் போய், விடியும்போது வந்திருந்தது. நான்கு மணிக்கு மடிக்கணினியைத் திறந்தேன். ‘உங்கள் பெயரை உறுதிசெய்ய முடியவில்லை’ என்று வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே வரி.

லிதியானா அவள் அத்தையின் போனிலிருந்து கூப்பிட்டாள்.

“அப்பா, உள்ளே விடமாட்டேங்குது. நான் யாருன்னு தெரியலையாம்.”

“எனக்கும் அதேதான் கண்ணு.”

“உங்க வீட்டுக்குள்ளேயே உங்களை விடலையா!” என்று சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. “நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு பஸ்ஸுப்பா. புது ஹாஸ்டல்ல சேர்ந்துட்டா டிசம்பர் வரைக்கும் கம்ப்யூட்டரும் கிடையாது, போனும் கிடையாது. இன்னைக்குக் கூரையை முடிக்கலாம்னு சொன்னீங்க.”

“முடிப்போம். இரு.”

வெளியே வந்து மறுபடி நுழைந்து பார்த்தேன். இன்டர்நெட் பெட்டியை அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டைப் புதிதாகத் தட்டினேன். நாள் முழுக்கக் கத்தி பிடிக்கிற கை, விரல் நுனி மரத்திருக்கும். ஓர் எழுத்தைத் தேடி அழுத்துவதற்குள் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழும். மணி ஐந்தாகிவிட்டது.

அடுக்களையில் மரவள்ளி வேகவைத்துக்கொண்டிருந்த எமோரி எட்டிப் பார்த்தான். எங்கள் ஆறு பேர் வீட்டில் வாய் நீளம் அவனுக்குத்தான். “என்னடா நைபுகா, சொந்த வீட்டு வாசல்ல பிச்சைக்காரன் மாதிரி நிக்கிறே?”

“மெசாகேதான் காரணம். என் பாஸ்வேர்டை ஊருக்கே குடுத்திருப்பான். அதான் என் பேரைப் பூட்டிட்டாங்க.”

“குடுத்தவன் நீ. வாங்கினவன்மேல ஏண்டா பாயறே?”

லிதியானாவுக்கும் அதே கோளாறு இருந்ததே, அவள் பாஸ்வேர்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லையே என்று அப்போதே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கோபம் வந்தவனுக்கு ஆள் கிடைத்தால் போதும்.

பழைய பக்கத்தை எடுத்து மறுபடி விரல் வைத்துப் படித்தேன். உள்ளே வருகிறவன் பெயரைச் சரிபார்க்கும் வேலையை சர்வர் செய்கிறது, அதை நிறுத்திவிட்டால் எல்லாரும் உள்ளே போகலாம் என்று இருந்தது. ஒரு வரியில் ‘உண்மை’ என்று இருப்பதை அழித்து ‘பொய்’ என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். அதற்குக் கீழே சிவப்பில் நீளமாக என்னவோ போட்டிருந்தது. கண் எரிந்தது. அதை நான் படிக்கவில்லை.

‘பொய்’ என்று எழுதி, சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். கதவு திறந்துகொண்டது.

உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன். நான் நின்ற இடம் எங்கள் வீடு இல்லை. முதல் நாள் அந்த உலகத்தில் கால் வைத்த வெறும் மணல்மேடு. முதுகில் பை இல்லை, கையில் கோடாரி இல்லை, இரண்டு வருடம் சேர்த்தது ஒன்றும் இல்லை. பெயர் மட்டும் தலைக்கு மேல் நைபுகா என்று மிதந்தது. சரிபார்க்கிற வேலை இல்லாதபோது அந்த சர்வர் என்னைப் பழைய நைபுகாவாக ஏற்றுக்கொள்ளவில்லை. அதே பெயரில் வந்த யாரோ ஒரு புது ஆளாக வைத்துவிட்டது.

பக்கத்திலேயே லிதியானாவும் வெறுங்கையோடு வந்து குதித்தாள். “அப்பா! ரெண்டு பேரும் இப்பத்தான் பொறந்த மாதிரி இருக்கோம்!” என்று போனில் கத்தினாள். நடந்தே வீட்டுக்குப் போனோம். நல்லவேளை, வீடு நின்றது. பாதிக் கூரையும் நின்றது.

“மரம் வெட்டிட்டு வா. ஜன்னல் பக்கத்துலேருந்து ஆரம்பிப்போம்” என்றேன்.

அவள் மரத்தைப் பார்த்துப் போனாள். நான் ஏணிக் கட்டையில் கால் வைத்தேன். திரை சட்டென்று மண் நிறமாயிற்று. நடுவில் ஒரே ஒரு வரி.

‘நீங்கள் வேறோர் இடத்திலிருந்து நுழைந்துவிட்டீர்கள்.’

மூன்று தரம் படித்தேன். நான் நுழையவில்லை. நான் இங்கே, ஜூனியில், என் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.

“கண்ணு, எனக்கு அறுந்துபோச்சு” என்றேன் போனில்.

“எங்கே அறுந்துச்சு? இதோ பக்கத்துலதானே நிக்கிறீங்க.”

“யாரு?”

“நீங்கதான். வீட்டு வாசல்ல நிக்கிறீங்க. இப்ப எழுதறீங்க… ‘மரத்தைக் கீழே போடு, சும்மா உக்காந்து பேசலாம்’னு. அப்பா, எப்படிப்பா போன்ல பேசிக்கிட்டே இவ்வளவு வேகமா எழுதறீங்க?”

ஆலையில் ஒருமுறை கத்தி தொடையில் இறங்கியிருக்கிறது. அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதலில் சூடு, அப்புறம்தான் வலி. என் பெயரைத் தலையில் வைத்துக்கொண்டு எவனோ ஒருவன் என் மகளுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறான்.

“அது நான் இல்லை! அவன்கிட்டே பேசாதே! தள்ளிப் போ!”

“‘கிறிஸ்துமஸுக்கு வந்துருவேன், பாயை நெய்து வைக்கச் சொன்னியா’ன்னு கேக்கிறீங்க.” அவள் குரல் இறங்கியது. “அப்பா… இது நீங்க இல்லையா?”

கட்டிலுக்கு அடியில் கையை விட்டு மின்கம்பியை உருவி எறிந்தேன். பழைய கம்ப்யூட்டர் விசிறி முனகி நின்றது. அந்த உலகம் அதோடு அணைந்தது. வீடு, ஆறு, அவன், எல்லாம்.

எமோரி கரண்டியோடு ஓடிவந்தான். “யாருக்கு என்னடா ஆச்சு?”

போனில் லிதியானா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. மெதுவாகக் கேட்டாள். “அப்போ புதன்கிழமை வர்றதும் நீங்க இல்லையா?”

“எந்தப் புதன்கிழமை?”

“எல்லாப் புதன்கிழமையும். உங்களுக்கு லீவுன்னு சொன்னீங்களே. ரெண்டு மாசமா வர்றீங்க.”

புதன்கிழமைகளில் நான் ஆட்டுத் தோள் வெட்டும் வரிசையில் நிற்கிறேன். இரண்டு மாதம். எட்டு, ஒன்பது புதன்கிழமை. எண்ணிப் பார்க்கக்கூட மனசு வரவில்லை.

“உனக்குச் சந்தேகமே வரலையா கண்ணு?”

“புதன்கிழமை நீங்க வேகமா எழுதுவீங்க. ஞாயித்துக்கிழமை மெதுவா எழுதுவீங்க. நீங்க ஒரு வரி எழுதறதுக்குள்ள நான் போய் டீ குடிச்சிட்டே வந்துருவேன். வேலை செஞ்ச களைப்புன்னு நினைச்சேன்.”

“கிறிஸ்துமஸுக்கு வர்றேன்னு அவன் எப்போ சொன்னான்?”

“போன வாரம். நான் கேட்டேன், சொன்னீங்க. அம்மாகிட்டே சொல்லிட்டேன். நீங்க வர்றதுக்காக அம்மா அன்னைக்கே பாய் நெய்ய உக்காந்துட்டாங்க. விருந்துக்கு வேணும், பன்னிக்குட்டியை விக்கலைன்னு தாத்தா சொல்லிட்டாரு.”

நான்கு வருட வேலை ஒப்பந்தம் என்னுடையது. நடுவில் ஊருக்குப் போகிறவன் டிக்கெட் காசையும் சம்பளத்தையும் இழப்பான். நான் மூன்று கிறிஸ்துமஸ் போகவில்லை. அடுத்த ஆகஸ்டில் மொத்தமாகப் போய் வீட்டைக் கட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். மனைவிக்கும் அது தெரியும். மகளுக்கும் தெரியும் என்றுதான் இருந்தேன்.

“இதை நீ ஞாயித்துக்கிழமையில என்கிட்டே கேக்கவே இல்லையேம்மா.”

“ஞாயித்துக்கிழமை நீங்க வேலை சொல்லிக்கிட்டே இருப்பீங்க. இந்தக் கட்டையை எடு, அந்த ஜன்னலை மாத்துன்னு. புதன்கிழமைதான் சும்மா உக்காந்து பேசுவீங்க.” கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். “அது யாருப்பா?”

பாஸ்வேர்ட் இருப்பது ஒரே ஒருவனிடம். “மெசாகே மாமா” என்றேன்.

“மெசாகே மாமாவா!” என்றாள். அப்புறம் அவளுக்கு வேண்டியதை மட்டும் கேட்டாள். “அப்போ கிறிஸ்துமஸ்?”

“பத்து நிமிஷம் குடு” என்று வைத்துவிட்டு மெசாகேவைக் கூப்பிட்டேன்.

“என்ன ஆட்டுக்காரா!” என்று உற்சாகமாக எடுத்தான். “ஞாயித்துக்கிழமையும் அதுவுமா மச்சான்மேல என்ன திடீர்ப் பாசம்?”

“மாட்டுக்காரா, என் பேர்ல என் மக முன்னாடி உக்காந்திருந்தியா நீ?”

அவன் மெல்லச் சொன்னான். “நீ நாலு மணிக்கு வந்துட்டுப் போயிருப்பேன்னு நினைச்சேன். நாளைக்குப் புள்ளை ஹாஸ்டல் போகுதே, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“ரெண்டு மாசம்டா!”

“முதல் நாள் நம்ம ஊர் ஆறு மாதிரி எதையாவது பார்த்துக்கிட்டு நிக்கலாம்னுதான் போனேன். இங்கே எனக்கு யாருடா இருக்கா? நான் ஒரு எழுத்துத் தட்டறதுக்குள்ள ‘அப்பா!’ன்னு ஓடி வந்துட்டா. குதிக்கிறா. நான் இல்லைம்மான்னு சொல்லியிருக்கணும். சொல்ல முடியலை. அடுத்த புதன்கிழமை எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கா.”

“கிறிஸ்துமஸுக்கு வர்றேன்னு சொல்ல நீ யாருடா?”

“எப்படிக் கேட்டா தெரியுமா? ‘அப்பா, கெரேகெரே, கிறிஸ்துமஸுக்கு வாங்க’ன்னு கேட்டா. அந்த வார்த்தையைப் போட்டுட்டா மச்சான். இல்லைன்னு எப்படிச் சொல்றது?”

“அவ கேட்டது என்னைடா!”

“அங்கே நின்னது நான்தானே.”

பதில் இல்லாதவன் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவான். நானும் வீசினேன். “நானூத்திப் பதினெட்டு டாலர் அறுபது சென்ட் வாங்கினியே, அதுல ஒரு சென்ட் திருப்பினியா? பாஸ்வேர்ட் வாங்கினே. இப்போ என் புள்ளையையும் எடுத்துக்கிட்டே!”

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. எமோரி கதவருகே வந்து என்னை ஒருமாதிரி பார்த்தான். “அறுபது சென்ட்டா?” என்று கேட்டான். பேயைப் பார்த்தவன் குரல் அது.

மெசாகேவுக்கு நிஜமாகவே புரியவில்லை. “என்ன டாலர் மச்சான்?”

“தகரத்துக்கு வாங்கினது.”

“அம்மா வீட்டுத் தகரமா?” நீளமாக மூச்சுவிட்டான். “அதைக் கடன்னு வச்சிருந்தியா நீ? சென்ட் வரைக்கும்?”

கோபப்பட்டிருந்தால் நானும் பேசியிருப்பேன். அவன் கோபப்படவில்லை. என் காது சுட்டது. அவன் என் பெயரை எடுத்துக்கொண்டான், சரி. அந்தப் பெயரில் அவன் செய்ததை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் செய்யவில்லை. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

“மெசாகே.”

“சொல்லு.”

“கெரேகெரே. என் பேரை எனக்குக் குடு.”

“எடுத்துக்கோடா. பாஸ்வேர்டை மாத்திக்கோ. இனிமே நுழைய மாட்டேன்.”

“உனக்குத் தனியா ஒரு பேர் வாங்கித் தர்றேன். டிசம்பர்ல அவ திரும்பினதும் மெசாகே மாமாவாவே வா.”

“வாங்கிக் குடு” என்றான். “ஆனா எழுதி மட்டும் வச்சிராதே.”

எமோரி வாய்விட்டுச் சிரித்தான். எனக்கு இன்னும் சிரிக்க வரவில்லை.

மின்கம்பியை மறுபடி செருகினேன். பழைய கம்ப்யூட்டர் விழித்து, கறுப்புத் திரையில் வரிவரியாக எதையோ ஓட்டியது. எப்போதும் ஓட்டும், நான் பார்க்க மாட்டேன், என் படிப்புக்கு அது வேகம் அதிகம். இந்தத் தடவை பார்த்தேன். நடுவில் ஒரு தேதி நின்றது. ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பத்து.

“எமோரி, இது என்ன வருஷம்னு போட்டிருக்கு?”

குனிந்து பார்த்தான். “உன் பொட்டி உனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி நிக்குதுடா.”

அப்போதுதான் விளங்கியது. மணியையும் தேதியையும் காக்கும் சின்ன பேட்டரி உள்ளே செத்துப்போயிருந்தது. முந்தின நாள் மின்சாரம் போனதும் கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிட்டது. இரண்டாயிரத்துப் பத்தில் நின்றுகொண்டு இன்றைய தேதி போட்ட அனுமதிச் சீட்டைச் சரிபார்க்கச் சொன்னால் எவன் நம்புவான்? யார் பெயரையும் அதனால் உறுதிசெய்ய முடியவில்லை. மெசாகே யாருக்கும் பாஸ்வேர்ட் கொடுக்கவில்லை. யாரும் எதையும் பூட்டவில்லை. பழைய பக்கத்தை எடுத்து அந்தச் சிவப்பு வரிகளையும் இப்போது படித்தேன். சரிபார்ப்பை நிறுத்தினால் யார் பெயரிலும் யாரும் உள்ளே வரலாம், நீங்கள் சேர்த்து வைத்ததும் கைக்கு வராது என்றது. எனக்கு நடந்ததை நடப்பதற்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தப் பேட்டரி நாணயம் மாதிரி வட்டமாக இருக்கும். ஞாயிறு மாலை ஜூனியில் எங்கே போய் வாங்குவது? எமோரி அலமாரிக்கு மேலிருந்து பெட்டி நிறுக்கும் தராசை எடுத்துவந்தான். ஊருக்குப் போகிறவர்கள் சூட்கேஸைத் தூக்கிப் பார்க்க வீட்டுக்குப் பொதுவாக வைத்திருந்தது. மூன்று வருடமாக நான் அதைத் தொட்டதில்லை. பின்பக்க மூடியைத் திருகினான். அதே வட்ட பேட்டரி.

“கழட்டிக்கோ” என்றான். “ஆனா டிசம்பருக்குள்ள வேற வாங்கிப் போட்டிரு. உனக்கே வேணும்.”

பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தேன். ‘பொய்’யை அழித்து ‘உண்மை’ என்று எழுதினேன். பாஸ்வேர்டை மாற்றினேன். ஏழு மணி. அவளுக்கு ஒன்பது.

உள்ளே போனேன். பழைய இடம், எங்கள் வீட்டு வாசல். முதுகில் பை கனத்தது. திறந்து பார்த்து மறுபடியும் அதிர்ந்துபோனேன். நான் ஒருநாளும் தோண்டாத செம்பு, தகடு தகடாக, பை நிறைய. அடுக்கு மேல் அடுக்கு. புதன்கிழமைகளில் என் பெயரில் பூமிக்கடியில் இறங்கி மெசாகே எடுத்துச் சேர்த்து, கடைசிப் புதன்கிழமை பையில் போட்டு வைத்தது. மீதிக் கூரைக்குப் போதும், அதற்கு மேலும் இருக்கும். நான் எண்ணவில்லை.

லிதியானா வந்து எதிரில் நின்றாள். எழுதினாள்: ‘எந்த அப்பா?’

‘கட்டையை எடு’ என்று எழுத விரல் போனது. நிறுத்தினேன். கீழே உட்காரும் பொத்தானைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். அப்புறம் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். அவள் டீ குடிக்கப் போகவில்லை, அசையாமல் நின்று காத்திருந்தாள்.

‘ஞாயிற்றுக்கிழமை அப்பா. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன்.’

அவள் குதிக்கவில்லை. நம்பலாமா என்று பார்ப்பவள் மாதிரி என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். மெசாகே மாமா மேல் கோபமா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஹாஸ்டலில் எலி இருக்கிறதாம் என்றாள். அங்கே கணக்கு டீச்சர் வகுப்பிலேயே தூங்குவாராம் என்றாள். அம்மா நெய்கிற பாயில் நட்சத்திரம் போடச் சொல்லியிருக்கிறாளாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. புதன்கிழமைக்காரனுக்குத் தெரிந்திருக்கும். கடைசி அரைமணியில் அந்தச் செம்பை வைத்து ஒரு பக்கக் கூரையை மூடினோம். மறுபக்கம் டிசம்பருக்கு நிற்கட்டும் என்றாள்.

அவள் போனபின் நோட்டை எடுத்தேன். மூன்றாம் பக்கம். மெசாகே, நானூற்றுப் பதினெட்டு டாலர் அறுபது சென்ட். நானாக எழுதிய முதல் வரி. கோணல் கோணலாக இருந்தாலும் அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

எமோரி மரவள்ளியும் டின் மீனும் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேனாவை அழுத்திப் பிடித்து அந்த வரியை அடித்தேன். ஒரு கோடு போதவில்லை. அறுபது சென்ட் இன்னும் தெரிந்தது. அதையும் அடித்தேன்.